பனிமலை வழியும் உடன் நடந்தாரும்

ஆற்றுப்படையைப் பற்றி ஆராய்ந்து எழுதுவார் பலர், கட்டுரையை முடிக்குங்கால் ஒரு கருத்தைத் தவறாது கூறுகின்றனர். இக்காலப் பயண நூல்கள் ஆற்றுப்படையின் வழித்தோன்றல்கள் என்பதே அக்கருத்து. பட்டத்திற்கென எழுதப்படும் ஆய்வேடுகளிலும் இது காணப்படுகின்றது. வகுப்பறையில் யானும் பல ஆண்டுகள் இதனைச் சொல்லி வந்துள்ளேன். சொல்வதற்கு எளிது, கேட்பதற்கும் இனிது. ஆயின் இதனை ஆராய்ந்து நிறுவினார் யாவர்? வழியைப் பாடுதல் என்னும் ஒரு பொதுமை கொண்டு இரண்டினையும் ஓரினமாக்குதல், நீரில் வாழ்தல் பற்றி முதலையையும் மீனையும் ஓரினம் என்பதனோடு ஒக்கும்.

இக்கருத்தினை உரைத்துப் பார்த்தற்கு ஏற்ற கல் யாது? கடற்பயண நூலும் நகர்காண் நூலும் உதவா. பத்துப்பாட்டின் ஐந்து ஆற்றுப்படைகளுள் மலைவழியையே பொருளாகக் கொண்டு விரிந்தது மலைபடுகடாம். ஆதலின் அதனோடு வைத்து நோக்கற்பாலன மலைநடை நூல்களே. அவற்றுள்ளும், குளிர் மிக்க, ஊர் அரிதாகிய உயர்மலைகளில் நண்பர் இருவர் மூவராய்ச் சுமையொடு நடந்து சென்று எழுதிய நூல்களே சாலப் பொருந்தும். என்னை? அத்தகைய நிலத்தில் வழி தவறுதல் உயிர்க்கு இறுதியாகும். வழி கூறும் சொல்லுக்கு அங்கேதான் உண்மையான விலை உண்டு. இந்நோக்கில் மூன்று ஆங்கில நூல்களை ஈண்டு எடுத்துக் கொள்வேன். எரிக் ஷிப்டன் 1936இல் வெளியிட்ட ‘நந்தாதேவி’, எரிக் நியூபி 1958இல் வெளியிட்ட ‘இந்துகுஷ் மலையில் ஒரு சிறு நடை’, பீட்டர் மாத்தீசன் 1978இல் வெளியிட்ட ‘பனிச்சிறுத்தை’ என்பன அவை.

முதற்கண் மலைபடுகடாத்தின் இயல்பினைச் சிறிது தெளிதல் வேண்டும். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் செங்கண்மாத்து நன்னனைப் பாடிய இப்பாட்டு 583 அடிகளை உடையது. பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், பெறாது வறுமையுற்று வரும் கூத்தரை வழியிற் கண்டு கூறுவதாக அமைந்தது. பாட்டின் தொடக்கமே சுமைதான். முழவும் ஆகுளியும் கொம்பும் தூம்பும் குழலுமாகிய இசைக்கருவிகளைப் பையிலிட்டுக் கட்டித் தோளிற் சுமந்து வருகின்றனர் கூத்தர். காய்த்துத் தொங்கும் பலாவின் கொத்துப் போலத் தோன்றுகின்றன அச்சுமைகள். அவர் தம் பொதியைத் தாமே சுமந்தனர் என்பதனை உளங்கொள்க. உடன் வரும் விறலியரின் அடிகள் கல் பொருது வருந்தியமையையும் புலவர் கூறுகின்றார். இளைத்த நாயின் நாவினை அவ்வடிக்கு உவமையாக்குகின்றார். அழகு கருதிய உவமை அன்று இது. நெடுவழி நடந்த காலைக் குனிந்து பார்த்தவன் கண்ட உவமை.

இனி, வழி கூறும் பகுதியில் வரும் அறிவுரைகள் எத்தகையன? பன்றிக்கென அமைத்த பொறிகள் வழியில் உள, ஆதலின் பொழுது புலர்ந்தபின் செல்லுக என்கின்றான். பாம்பு கிடக்கும் குழிகள் உள. குறித்து நோக்கிக் கடந்து செல்க என்கின்றான். தினைப்புனங் காப்போர் யானையை ஓட்டக் கவண்கல் எறிவர். மரத்தின் மறைவில் ஒதுங்குக என்கின்றான். நீர்ப்பாசி படர்ந்த இடம் அடியை வழுக்கும். அருகில் நிற்கும் சிறு மூங்கிலையும் கொறுக்கந்தட்டையையும் பற்றிக்கொண்டு செல்க என்கின்றான். இவை யாவற்றினும் என் உள்ளத்தைத் தொட்டது பிறிதொன்று. பின்வரும் புதியோர் மயங்காமைப் பொருட்டு, வழிகள் பிரியுமிடத்தைத் துடைத்துத் தூய்மை செய்து, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுக என்கின்றான். வழி அறிந்தவன் அறியாதவனுக்குக் கூறுகின்றான். அறியாதவன் நடந்து அறிந்தவுடன், தனக்குப் பின் வரும் முகமறியாதவனுக்கு வழிகாட்டியாகின்றான். ஆற்றுப்படை என்னும் வகையின் உயிர் இம்முடிந்த புல்லில் இருக்கின்றது என்று துணிந்து கூறுவேன். புரவலன் புகழ் அதன் பயன், உயிர் அன்று.

புலவர் இம்மலைவழியில் நடந்தாரோ, கேட்டறிந்து பாடினாரோ என்னும் ஐயம் எழலாம். அது நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது அன்று. நடந்தவன் போலப் பேசுக என்று வகை பணிக்கின்றது. அப்பணிப்பால் பாட்டின் மொழி முன்னிலையும் ஏவலும் எதிர்காலமுமாக அமைகின்றது. கேட்பவனும் ஒருவன் அல்லன். சுற்றத்தொடு செல்லும் கூட்டம். ‘நீ’ என்பதனினும் ‘நீயிர்’ என்பதே அதன் விளி. பயண நூலின் மொழியோ தன்மையும் இறந்தகாலமும் ஆகும். யான் சென்றேன், யான் கண்டேன், யான் குளிரால் வருந்தினேன் என்பது அதன் நடை. இவ்விலக்கண வேறுபாட்டினைச் சிறிதென எண்ணிக் கடந்தமையே வழித்தோன்றல் கொள்கையின் முதற்பிழை.

இடைப்பிறவரலாக ஒன்று. உயர்மலைக் குளிரைத் தமிழில் எழுதப் புகுவார்க்குச் சொல்லளவில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘பனி’ என்னும் ஒரு சொல்லே நமக்குப் புல்நுனித் துளியும், விடியற்காலைப் புகைப்படலமும், இமயத்து வெண்குவையும், கண்ணீரும் ஆகின்றது. மென்தூளாய் வீழ்வதும், இறுகிப் பாறையாவதும், ஆறுபோல மெல்ல நகர்வதும் ஆகிய மூன்றினையும் வேறு பிரித்தற்குப் பனித்தூவி, பனிக்கட்டி, பனியாறு என ஒட்டுச்சொற்களை ஆக்கிக்கொள்கின்றோம். ஆயின் பனித்தல் என்னும் வினை நடுங்குதலையும் குறிக்கும். குளிரையும் குளிரால் உடல் படும் பாட்டினையும் ஒரு சொல்லில் அடக்கிய நம் முன்னோர், காணாத பனிமலைக்கும் பொருந்தும் சொல்லையே வைத்துச் சென்றனர். இந்நூல்களை மொழிபெயர்க்க முன்வரும் மாணவர் இதனைக் குறைபாடாக மட்டும் கருதற்க.

ஷிப்டன் நூலுக்கு வருவோம். நந்தாதேவி 7,816 மீட்டர் உயரமுடைய சிகரம். அதனைச் சூழ்ந்து மலைகள் வேலியிட்டாற்போல நிற்றலின், அவ்வேலிக்குள் மனிதர் சென்றதாக 1934 வரை செய்தி இல்லை. உள்ளே செல்லும் ஒரே வாயில் ரிஷிகங்கை அறுத்த ஆழ்ந்த பிளவு. அவ்வாண்டில் ஷிப்டனும் அவர் நண்பர் டில்மனும், ஆங்தார்க்கே, பாசாங், குசாங் என்னும் மூன்று ஷெர்பாக்களும் ஆக ஐவர் அப்பிளவின் வழியே உட்புகுந்தனர். பெரும்படை திரட்டிச் சென்று மலையை முற்றுகையிடுதலே அக்காலத்து வழக்கு. இவ்விருவரோ சிறு கூட்டமும் சிறு பொதியுமே போதும் என்னும் கொள்கையினர். கூலிக்குச் சுமந்து வந்தோர் மீண்டபின், ஐவரும் பிளவின் செங்குத்தான பக்கங்களில் சுமைகளை முன்கொண்டு வைத்து, மீண்டு சென்று எஞ்சியவற்றைக் கொணர்ந்து, இவ்வாறே சிறிது சிறிதாக முன்னேறினர். உடையவன் சுமை, உடன் வந்தான் சுமை என்னும் வேறுபாடு அங்கில்லை.

அந்நூலின் நடை மிக எளிது. சிலர்க்கு அது வறண்டதாகவும் தோன்றும். ஒரு பாறை விளிம்பு எவ்வளவு அகலம், அது எவ்விடத்தில் அற்றுப்போகின்றது, மேலே செல்ல வழியுண்டா, கீழே இறங்க வேண்டுமா என்பனவே பக்கம் பக்கமாக வருகின்றன. இலக்கியச் சுவை தேடுவார் இப்பகுதியைத் தள்ளிப் படிப்பர். தள்ளற்க. இவ்விடத்தில்தான் நூல் ஆற்றுப்படையின் எல்லையைத் தொடுகின்றது. இறந்தகாலத்தில் எழுதப்பட்டிருப்பினும், பின்வருவான் ஒருவன் அடிவைத்தற்கு உதவும் சொல் இது. அவ்வாறே உதவிற்று. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1936இல், டில்மன் தாம் முன்னர் நடந்த அவ்வழியாகவே பிறரொடு சென்று, ஓடெல் என்பாருடன் நந்தாதேவியின் உச்சியை அடைந்தார். முன்னே முடிந்த புல் பின்னே பயன்பட்டது எனலாம்.

பத்ரிநாத்திற்கும் கேதார்நாத்திற்கும் இடையே உள்ள நீர்ப்பிரி மலையை அவ்வைவர் கடந்த பகுதியும் அந்நூலில் உண்டு. மழைக்காலம், அடர்ந்த காடு, உணவு தீர்ந்தது. மூங்கிற் குருத்தினைத் தேடி உண்டு உயிர் தாங்கினர். அக்குருத்தினை விரும்பும் கரடிகளும் அக்காட்டில் இருந்தன. இத்துன்பத்தை ஷிப்டன் பெருமிதமாகவும் கூறவில்லை, புலம்பலாகவும் கூறவில்லை. ஐவர்க்கும் ஒரே கலத்து உணவு என்பது மட்டும் படிப்பவர்க்குத் தெரிகின்றது. நண்பர் இருவர்க்கிடையே நிகழ்ந்த உரையாடலோ நூலில் மிகச் சிறிது. பல்லாண்டு உடன் நடந்தும் டில்மன் தம் நண்பரைக் குடிப்பெயரால் அன்றி இயற்பெயரால் அழைக்க நாணினார் என்று ஒரு செய்தி வழங்குகின்றது. அன்பினைச் சொல்லால் அளப்பார்க்கு இது வியப்பாகலாம். கயிற்றின் ஒரு முனையைப் பற்றி நிற்பவனிடத்து வேறு சொல் எதற்கு?

நியூபியின் நூல் முற்றிலும் மாறுபட்டது. நகையே அதன் மெய்ப்பாடு. நியூபி இலண்டனில் மகளிர் ஆடை வணிகத்தில் இருந்தவர். மலையேற்றம் அறியார். 1956இல் தம் நண்பரும் அயலகத் தூதுத்துறை அலுவலருமான ஹியூ கார்லெஸுக்குத் தந்தி அனுப்பி, நூரிஸ்தானுக்கு உடன்வர இயலுமா என வினவுகின்றார். இருவரும் வேல்ஸ் நாட்டில் சில நாட்கள் பாறையேறப் பயில்கின்றனர். அங்கே அவர்க்குத் துணைசெய்வோர் தங்கும் விடுதியில் உணவு பரிமாறும் பெண்கள். பின்னர் ஆப்கானிஸ்தானத்துப் பஞ்ச்சீர்ப் பள்ளத்தாக்கு வழியாகச் சென்று மீர்சமீர் என்னும் சிகரத்தில் ஏற முயல்கின்றனர். ஏறும் முறை கூறும் கைந்நூலை மலையிலேயே விரித்துப் பார்க்கின்றனர். உச்சிக்குச் சில நூறு அடி கீழே நின்று, பொழுது போதாமை கண்டு திரும்பிவிடுகின்றனர். நூலின் உச்சி இத்திரும்புதலே. இருவருள் எவரும் மற்றவரைக் குறை கூறவில்லை. ஏறிவிட்டால் இறங்க இருள் வந்துவிடும் என்பதை இருவரும் ஒரே பொழுதில் உணர்கின்றனர். நகைச்சுவை நூலென்று நினைத்துப் படித்து வந்தவன் இவ்விடத்தில் நகைக்க மறந்துபோகின்றான்.

இந்நூலை ஆற்றுப்படை எனல் இயலுமா? எவரும் இதனைக் கைக்கொண்டு மீர்சமீர் ஏறார். ஏறுவராயின் இறப்பர். இஃது அறியாதவன் கூற்று. தன் அறியாமையை மறையாது கூறும் கூற்று. ஆற்றுப்படைத் தலைவன் பெற்றவன், அறிந்தவன். நியூபி பெறாதவன், அறியாதவன். எதிர்வரும் வறிய கூத்தனின் நிலையே அவர் நிலை. வழியில் எதிர்ப்படுவோனும் ஒருவர் உளர். நூலின் இறுதியில், அரேபியப் பாலைநிலத்தைக் கடந்து புகழ்பெற்ற வில்பிரட் தெசிகர் எதிரே வருகின்றார். அன்றிரவு நண்பர் இருவரும் காற்றடைத்த படுக்கைகளை விரிப்பது கண்டு அவர் எள்ளி நகைப்பதொடு நூல் முடிகின்றது. வழியறிந்தவன் வழியறியாதவரைச் சந்திக்கும் ஆற்றுப்படைக் காட்சியே இது, ஆயின் தலைகீழாயிற்று. அறிந்தவன் வழி கூறவில்லை, நகைத்தான். ஆசிரியர் ஆற்றுப்படையை அறிந்து இவ்வாறு அமைத்தார் என்று நான் கூறவில்லை. பழைய வகையொன்று இக்காலத்தில் எவ்வாறு இயலாதாகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது என்பதே என் கருத்து.

ஒரு குறையையும் சுட்டுதல் கடன். குதிரைகளை ஓட்டி உடன் வந்த பஞ்ச்சீர் மக்கள் மூவர்க்கும் நியூபி பெயர் தந்துள்ளார். அவர் பேச்சையும் செயலையும் சுவைபடக் காட்டுகின்றார். ஆயினும் அவர் நகைக்குரிய மாந்தராகவே பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். தம்மைத் தாமே எள்ளும் ஆசிரியர் பிறரையும் எள்ளுதல் ஒக்கும் எனலாம். ஒவ்வாது. தம்மை எள்ளுவான் நூலின் பின் தன் வீடு சேர்ந்து புகழ் பெறுவான். எள்ளப்பட்டவன் மலையிலேயே இருப்பான்.

மூன்றாவது நூல் இன்று மிகப் பலரால் போற்றப்படுவது. அமெரிக்க நாட்டின் தேசியப் புத்தகப் பரிசினைப் பெற்றது. ஆதலின் அதனைப் பற்றிச் சற்று விரிவாகவும் கண்டிப்பாகவும் கூற வேண்டியுள்ளது. 1973ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் மாத்தீசனும் விலங்கியலறிஞர் ஜார்ஜ் ஷாலரும் நேபாளத்துப் போக்காராவிலிருந்து புறப்பட்டு, டோல்போ நாட்டு ஷே மடத்தை நோக்கி நடந்தனர். பாரல் எனப்படும் நீலச் செம்மறியின் இணைவிழைச்சுக் காலத்து நடத்தையைக் காணுதல் ஷாலர் நோக்கம். அவ்விலங்கு செம்மறியினமோ வெள்ளாட்டினமோ என்பது அவர் வினா. மாத்தீசன் நோக்கமோ வேறு. அவர் மனைவி முந்திய ஆண்டில் புற்றுநோயால் இறந்தார். எட்டு அகவை மகனை ஊரில் விட்டு வந்துள்ளார். சென் பௌத்தத்தில் ஈடுபட்ட அவர் தேடுவது பனிச்சிறுத்தையை மட்டும் அன்று.

இந்நூலின் சொல்லாட்சி உயர்ந்தது. ஒளியும் காற்றும் கல்லும் அவர் எழுத்தில் உருப்பெறுமாறு வேறெங்கும் எளிதிற் காணப்படுவதில்லை. ஆயினும் பல பக்கங்களில் மலை மலையாக நில்லாது, ஆசிரியர் தம் உள்ளத்தைக் காணும் கண்ணாடியாகிவிடுகின்றது. கணவாய் ஒன்றைக் கடக்கின்றனர். எவ்வாறு கடந்தனர் என்பது சில தொடர்களில் அடங்க, கடந்தபோது தோன்றிய தத்துவம் பல பக்கங்களில் விரிகின்றது. மலைபடுகடாம் அருவி ஒலியும் தேன் எடுப்போர் ஆரவாரமும் யானைப் பிளிறலும் மகளிர் வள்ளைப்பாட்டும் என மலையில் எழும் ஓசைகளை அடுக்கி, அவற்றை மலையாகிய யானையின் மதமாக உருவகிக்கின்றது. ஓசைகள் அனைத்தும் மலைக்கே உரியனவாய் நிற்கின்றன. கேட்பவனுக்கு உரியன ஆகவில்லை. புறத்தைப் புறமாகவே விடும் இவ்வாற்றல் மாத்தீசனிடம் இடையிடையே தளர்கின்றது.

தளர்ச்சியை இழுத்து நிறுத்துபவர் நண்பர். நூலில் தம் பெயரின் முதலெழுத்துகளால் மட்டும் குறிக்கப்பெறும் ஷாலர் மிகுதியாகப் பேசார். விரைந்து முன்னே நடப்பார். தத்துவத்தில் நம்பிக்கை குறைந்தவர். பாரல் எத்தனை, எச்சரிவில் மேய்ந்தன, எவ்வாறு முட்டின என்பனவே அவர் சொல். ஒருவர் எண்ணுகின்றார், மற்றவர் எண்ணங்களில் ஆழ்கின்றார். ஷாலர் இல்லையேல் இந்நூல் காற்றில் பறந்திருக்கும். ஷாலர் பின்னர் 1980இல் தம் இமயப் பயணங்களைத் தனி நூலாகவும் எழுதியுள்ளார். ஒரு வழியில் உடன் நடந்த நண்பர் இருவரின் நூல்கள் இரண்டினையும் அடுத்தடுத்து வைத்து ஆராய்தல், நம் ஒப்பியல் மாணவர்க்கு நல்ல பொருளாகும்.

பனிச்சிறுத்தையை மாத்தீசன் காணவில்லை. அதன் அடிச்சுவடு கண்டார். அது கண்டிருக்கக்கூடும் என்னும் உணர்வு கொண்டார். பரிசில் பெறாது மீளும் கூத்தனின் நிலை இது. பெறாமையையே பேறாக ஆசிரியர் விளக்குகின்றார். அவ்விளக்கம் எனக்கு முற்றும் உடன்பாடன்று. ஆயினும் நேர்மையான முயற்சி என ஒப்புவேன். நவம்பர் நடுவில் ஷாலரை ஷேயில் விட்டுப் பிரிந்து அவர் மீளும்போது, நூலின் மையம் வேறொருவரிடம் செல்கின்றது. அவர் துக்தென் என்னும் சுமையாளர். பிற ஷெர்பாக்களால் ஐயுறப்பட்டவர். ஆசிரியரோ அவர்பால் விளக்கவொண்ணா ஈர்ப்புக் கொள்கின்றார்.

வழித்தோன்றல் கொள்கைக்கு இனி என்ன விடை? மூன்று நூல்களுள் ஒன்று, அதுவும் தன்னை இலக்கியமெனக் கருதாத ஒன்று, ஆற்றுப்படையின் பயனை ஓரளவு செய்தது. அதுகூட நெடிது நிற்கவில்லை. நந்தாதேவி உள்வட்டம் 1982இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. மலைநடையினர்க்கு அது அடைக்கவும் பட்டது. ஷிப்டன் கூறிய வழி, நடப்பதற்கு அன்றிப் படிப்பதற்கு உரிய வழியாயிற்று. மற்றை இரண்டும் ஆற்றுப்படை ஆகா. ஆகாமை அவற்றின் இழிவன்று. அவை வேறு வகையின. வேறு அளவுகோலால் அளக்கத்தக்கன. வழி கூறுதலை அன்றி, உடன் நடந்தாரை எவ்வாறு கண்டனர் என்பதை அளவுகோலாகக் கொள்ளின் மூன்றும் தத்தம் தரத்தைக் காட்டிவிடும். ஷிப்டன் ஐவரில் ஒருவராக நின்றார். நியூபி நண்பரை ஒத்தாராகவும் பணியாளரை நகைக்குரியாராகவும் கண்டார்.

மாத்தீசன் நூலின் இறுதிப் பகுதியை இவ்வளவுகோல் கொண்டு மீண்டும் படித்தபோதுதான், யான் அதனைப் பற்றி முன்பு கொண்டிருந்த கடுமை சிறிது குறைந்தது. காட்மாண்டு சேர்ந்தபின் போத்நாத்துப் பெருந்தூபியருகே துக்தெனைச் சந்திப்பதாக ஏற்பாடு. ஆசிரியர் குறித்த பொழுதில் சென்று காத்திருக்கின்றார். துக்தென் வரவில்லை. உசாவியும் பயனில்லை. அதற்கு மேல் அவ்விடத்தில் தத்துவம் எதனையும் அவர் எழுதவில்லை. வாராத ஒருவர்க்காகக் காத்து நின்றதை மட்டும் எழுதி நூலை நிறுத்துகின்றார்.